பகைக்குப் பச்சை விளக்கு

தினமும் காலை ஆறு நாற்பதுக்கு நான் கொல்லைப்புற மதிலுக்குப் போய், பக்கத்து வீட்டு எட்டியப்பனைத் திட்ட வேண்டும். குறைந்தது மூன்று நிமிடம். ஒரு வாரத்துக்குள் ஒரே வசவைத் திரும்பச் சொன்னால் அது செல்லாது.

மதிலின் நடுத்தூணில் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி பதித்திருக்கிறது. பெயர் ஒப்புக்கண். திட்டு தரமாக இருந்தால் அதன் உச்சியில் பச்சை விளக்கு எரியும். சுரத்தில்லாமல் திட்டினால் சிவப்பு. எனக்கு எண்பத்தொரு வயது. போன ஆடியில் நான் போட்ட ஒரு சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்கை மயங்கி விழுந்தது. எட்டியப்பன் வீட்டுச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் பின்னோக்கி ஓடியது. தெருமுனைக்கு அன்று வந்த பாலெல்லாம் திரிந்தே வந்ததாக ஊர் முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

ஒரு சாதாரண நாளில் அது இப்படி நடக்கும்.

"ஏன்டா எருமக்கடா, இன்னுமா நீ சாகல? எமன் உன் அட்ரஸத் தொலச்சிட்டானா?" என்பேன்.

"உன்ன அனுப்பிட்டுதான்டா போவேன். உன் பொணத்துக்கு முன்னாடி ஆடணும். முட்டி தேறட்டும்னு காத்திருக்கேன்" என்பான் அவன்.

பச்சை எரியும். எட்டியப்பனின் முட்டிவலி இன்னும் குறையவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். மூச்சு முட்டிச் சாக வேண்டும் என்று நான் சாபமிட்டால், அவனுக்குக் காற்று ஊதும் மூச்சுப்பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்கிறேன் என்று அர்த்தம். அவன் என் குடலை உருவப் போவதாகச் சொன்னால், நேற்று நான் மலச்சிக்கல் என்று புலம்பியதை மறக்கவில்லை என்று அர்த்தம். கடைசியில் ஒரு கறுப்புப் பையை அவன் பக்கம் வீசுவேன். எதிரி வீட்டில் குப்பை கொட்டுவதற்கு ஒப்புக்கண் கூடுதல் மதிப்பெண் தரும். பைக்குள் நானே அச்சில் பிழிந்த முறுக்கு பன்னிரண்டு இருக்கும். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்பது பல்தான். அவன் காபியில் ஊறப்போட்டுத் தின்பான். மறுநாள் வெறும் பை முடிச்சோடு திரும்பி வரும். எங்கள் நீர்ப்பங்கீட்டு அலுவலகத்தில் நாற்பது பேர் கோப்பு நாடாவை வலது பக்கம் சுருக்குப் போட்டுக் கட்டுவோம். எட்டியப்பன் ஒருத்தன் மட்டும் இடது பக்கம் போடுவான். பையிலும் அதே இடது சுருக்கு.

அவன் என் எதிரி இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் தயிர்ச்சோறு தின்று, ஓய்வு பெற்றபின் ஊழியர் குடியிருப்பில் அடுத்தடுத்த மனை வாங்கிய ஆட்கள் நாங்கள். ஐம்பது வருடத்துக்கு மேலான சிநேகிதம். பத்தாயத்தின் ஆவணத்தில் மட்டும்தான் எதிரிகள்.

பத்தாயம் என்பது கோப்பு பகிரும் நிறுவனம். நான் இளந்தாரியாக இருந்தபோது அதில் எதையும் போடலாம், யாருக்கும் லிங்க் அனுப்பலாம், எல்லாம் இலவசம். சேரும்போது நூற்றுப்பத்துப் பக்கத்தில் சேவை விதிமுறைகள் காட்டுவார்கள். அதைப் படித்தவன் என்று இந்தப் பூமியில் ஒருவன் இருந்தால் அவனுக்குச் சிலை வைக்கலாம். நாங்கள் கீழே தள்ளிக்கொண்டே போய், 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுக் கல்யாண போட்டோ பார்க்கப் போய்விடுவோம்.

அதில் இருபத்தேழாம் பிரிவு சாதுவான ஒரே வரி: பயனர் தம்மைப் பற்றிய விவரங்களை எப்போதும் துல்லியமாக வைத்திருக்க வேண்டும். போன் நம்பர் மாறினால் சொல்லு என்பதற்காக எழுதியது. நிறுவனம் கை மாறியது, மறுபடி மாறியது. கோப்புகளோடு சேர்த்து எங்களையும் விற்றார்கள். ஏழாவதாக வாங்கியவன் மகா கெட்டிக்காரன். பழைய கோப்புகளையெல்லாம் பிழிந்து, ஒவ்வொருத்தருக்கும் ஓர் ஆள்வடிவம் செய்து, 'இந்த மனிதன் இப்படித்தான்' என்று உத்தரவாதம் கொடுத்து நாலாபக்கமும் விற்றான். விற்றபின் மனிதன் மாறினால் சரக்கு கெட்டுப்போகும் அல்லவா? இருபத்தேழாம் பிரிவைத் தலைகீழாகப் பிடித்தான். விவரம் மனிதனுக்குப் பொருந்த வேண்டாம், மனிதன் விவரத்துக்குப் பொருந்தட்டும். அதற்குப் பெயர் துல்லியக் கடமை. வழக்கு போட்டோம். நீங்கள்தானே டிக் அடித்தீர்கள் என்று கோர்ட் கேட்டது. நாங்கள்தான் அடித்தோம்.

ஆகவே கோடி வீட்டு மாசிலாமணி இருபத்தைந்து வயதில் யாருக்கோ அனுப்பிய உடற்பயிற்சி அட்டவணைப்படி, எழுபது வயதில் தினம் பன்னிரண்டு முட்டை வெள்ளைக்கரு விழுங்குகிறார். எதிர்வீட்டு அமிர்தகௌரி ஒரு காலத்தில் பொய்க் காய்ச்சல் சொல்லி லீவு லெட்டர் பகிர்ந்தார். வருடா வருடம் மார்ச் மூன்றாம் தேதி கம்பளி போர்த்தி நடுங்குகிறார். நான் காபிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டாக வேண்டும். சர்க்கரை வியாதி வந்ததை எடுத்துச் சொன்னேன். அது புதுத் தகவல், ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது.

மீறினால், விவரத்திலிருந்து விலகிவிட்டாய் என்று விலகல் நோட்டீஸ். மீறிக்கொண்டே போனால் கணக்கு முடக்கம். இந்தக் காலத்தில் வீட்டுக் கதவு, மாத்திரை, ரேஷன், எட்டியப்பனுடைய மூச்சுப்பெட்டி எல்லாமே பத்தாயத்தின் கணக்கில்தான் திறக்கின்றன. முடக்கம் என்றால் அவனுக்கு மூச்சே நின்றுபோகும்.

ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் நோட்டீஸ் வந்தது. உறவு: பகை. ஆதாரம்: ஒரு கோப்பு, இரகசியம். எட்டியப்பன் என்னிடம் ஓடிவந்து, நமக்குள் என்னய்யா பகை என்று கேட்டான். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கும் என்றேன். அப்படியானால் எதிரியாகவே நடிப்போம், இந்த வயதில் வேறென்ன பொழுதுபோக்கு என்று அவன்தான் யோசனை சொன்னான். அப்படித்தான் ஆறு நாற்பது தொடங்கியது.

அது கோளாறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து முப்பத்தெட்டில் கண்காணிப்பாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. தகுதி எங்கள் இருவருக்கும். மதிப்பெண் அவனுக்கு அரைப்புள்ளி அதிகம். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு: மொட்டைக் கடுதாசி. எட்டியப்பன் சொந்தக்காரர் வயலுக்கு முறை தப்பித் தண்ணீர் விடுகிறான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். அத்தனையும் பொய். கீழே 'இப்படிக்கு, பொதுநலம் விரும்பி'. கையெழுத்து தெரியக் கூடாது என்று டைப் அடித்தேன். உள்ளூரில் பிரிண்ட் எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், முன்பின் தெரியாத ஒரு செராக்ஸ் கடையில் நின்றேன். கடைக்காரர், பத்தாயத்தில் போட்டு லிங்க் அனுப்புங்க சார் என்றார். போட்டேன். டிக் அடித்தேன். ஊர், பேர், ரேகை எதுவும் சிக்காமல் காரியம் முடித்த மகிழ்ச்சியில் திரும்பும் வழியில் பரோட்டா சாப்பிட்டேன். சாயங்காலமே கோப்பை அழித்தும்விட்டேன்.

எட்டியப்பனைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றினார்கள். கருவேலங்குளம் கிளை. பதினோரு வருடம். பதவி எனக்கும் வரவில்லை. மூன்றாவது ஆள் ஒருவன் கொத்திக்கொண்டு போனான்.

போன மாதம் என் கெட்டிக்காரத்தனமே எனக்கு வினையாயிற்று. "உன் மூஞ்சியப் பாத்துட்டு அந்த ஒப்புக்கண்ணே கண்ண மூடிக்கிச்சுடா" என்று ஒரு போடு போட்டேன். எட்டியப்பன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அவனைச் சிரிக்கவைப்பதே என் வேலையாகிவிட்டது. ஒரே மாதத்தில் மூன்று சிரிப்பு, மூன்று சிவப்பு.

வெள்ளிக்கிழமை பத்தாயத்தின் ஒப்புநோக்குநர் வந்தாள். பெயர் விண்ணரசி. முப்பது வயதிருக்கும். வாசலில் நுழைந்ததிலிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் கறுப்புப் பட்டி கட்டியிருந்ததால், யாரம்மா தவறிப்போனது என்று கேட்டேன். போன வாரம் அம்மா, என்று சிரித்தபடியே சொன்னாள். இருபத்திரண்டு வயதில் வேலைக்கு அனுப்பிய தன்விவரத்தில் 'எப்போதும் சிரித்த முகம்' என்று போட்டிருந்தாளாம். சுடுகாட்டிலும் சிரித்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அடுத்த வாக்கியத்தில் போய்விட்டது.

"சார், உங்க ரெண்டு பேரோட பகையும் தேய்ஞ்சு போச்சு. திங்கக்கிழம காலைல உறவுப் புதுப்பிப்பு. ஆதாரக் கோப்ப ரெண்டு பேருக்கும் அனுப்பிடுவோம். படிச்சா பழையபடி சூடு வந்துரும்."

"எந்தக் கோப்பும்மா?"

உள்ளங்கைத் திரையை நீட்டினாள். பொதுநலம் விரும்பி நாற்பத்தொரு வருடம் கழித்து என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"இத நான் அன்னைக்கே அழிச்சிட்டேனே."

"உங்க கண்ணுலேருந்து அழிச்சீங்க சார். எங்க கண்ணுலேருந்து இல்ல. பிரிவு பத்தொம்பது."

"அதுல என் பேரே இல்லையே."

"உங்க லாகின் இருக்கே."

நாங்கள் உயிர்ச் சிநேகிதர்கள், இதை எழுதிக்கொள், வேண்டுமானால் அதற்கும் டிக் அடிக்கிறேன் என்று கெஞ்சினேன். அவள் சிரித்தாள். உங்களை எதிரியாகத்தான் விற்றிருக்கிறோம் என்றாள். யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். தேர்தலில் எந்தத் தெருவில் யாரை யாருக்கு எதிராக நிறுத்தலாம் என்று பார்க்கிறவர்கள், மனை விற்கிறவர்கள், மதில் கட்டிக்கொடுக்கும் கம்பெனிகள். சிநேகிதத்துக்கு வாங்க ஆளில்லையா என்றேன். கேட்பாரே இல்லை சார் என்றாள். புதுப்பிப்புக்குப் பிறகும் தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு வந்தால் முடக்கம் என்பதையும் நினைவூட்டி, பல்லைக் காட்டி விடைபெற்றாள். அவள் பல்வரிசைக்கு நான் அன்று விட்ட சாபத்தை ஒப்புக்கண் கேட்டிருந்தால் பச்சை விளக்கு வெடித்திருக்கும்.

திங்கட்கிழமைக்குள் எட்டியப்பனுக்கு நானே சொல்லிவிட வேண்டும். என் வாயால் கேட்டால் மன்னிப்பான். கோப்பாகப் படித்தால் மாட்டான். இதுதான் என் கணிப்பு. அவன் வீட்டுப் படியேறினால் விலகல். போனில் குழைந்து பேசினால் விலகல். முறுக்குப் பையில் ஒரு சீட்டு வைக்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். பேரில்லாமல் எழுதினால் அது இன்னொரு மொட்டைக் கடுதாசி. பேர் போட்டு எழுத முயன்றேன். பேனா 'இப்படிக்கு' வரை வந்தது. நின்றது. இரண்டு நாள் அந்த இடத்திலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதிலுக்குப் போனேன். மிச்சமிருந்த ஒரே வழி வசவு. வசவாகவே சொன்னேன்.

"டேய் எட்டியப்பா, உன்னத் தண்ணியில்லாத காட்டுக்கு அனுப்பினது யாருன்னு தெரியுமாடா? நான்தான்டா. அந்த மொட்டக் கடுதாசிய எழுதினது இந்தக் கைதான். நல்லாப் பாத்துக்க."

கையை மதிலுக்கு மேல் நீட்டிக் காட்டினேன். எட்டியப்பன் என்னைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மதிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தான். மூச்சு வாங்கியது; கண்ணில் தண்ணீர் வந்தது. ஒப்புக்கண்ணுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில், "யோவ், இதான்யா உச்சம். இத மிஞ்ச முடியாது" என்றான். நான் இல்லையப்பா என்று தலையாட்ட ஆட்ட இன்னும் சிரித்தான். ஒன்பது வருடமாக வாய்க்கு வந்த பொய்யையெல்லாம் பொழிந்த வாய் அது. ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் எப்படி எடுபடும்? சிவப்பு எரிந்தது. நான் வீசிய பையைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே உள்ளே போனான்.

திங்கள் காலை கோப்பு வந்தது. எனக்கு வந்ததை நான் திறக்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு எட்டியப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மதிலருகே நின்றான். நான் வாயைத் திறப்பதற்குள், "வணக்கம் பூவராகன். நல்லா இருக்கீங்களா?" என்றான்.

ஐம்பது வருடத்தில் அவன் என்னை 'நீங்க' என்றதில்லை. நான் விட்ட கையெறிகுண்டு ஒவ்வொன்றுக்கும் தலையை லேசாகச் சாய்த்து, "சொல்லுங்க" என்றான். மூன்று நிமிடம் முடிந்ததும் கைகூப்பிவிட்டுப் போனான். பத்தாயத்துக்கு அவ்வளவுதான் மூளை. அவன் வாழ்நாளில் முதன்முறையாக என்னை வெறுத்த நாளில், பாசம் மிகுந்துவிட்டது என்று சிவப்பைக் காட்டியது. செவ்வாயும் அதேதான். வணக்கம், சௌக்கியமா, சிவப்பு. அன்று நான் வீசிய பை அவன் வீட்டுத் துளசித்தொட்டியின் பக்கத்திலேயே கிடந்தது.

புதன்கிழமை மூன்றாவது நாள். அவனுக்கும் அது தெரியும். கொல்லைப்புறத்திலிருந்தே அவன் மூச்சுப்பெட்டியின் விசில் சத்தம் கேட்டது. இன்று 'சௌக்கியமா' என்று கேட்டால் நாளைக்கு அந்த விசில் இருக்காது. அவன் பாட்டுக்கு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான்.

நான் ஏறி அடித்தேன். கருவேலங்குளத்தில் பதினோரு வருடம் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றாயே, தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். "சொல்லுங்க" என்றான். அவன் தலை, வழுக்கை, குலம், கோத்திரம் எதையும் விடவில்லை. "அப்புறம்?" என்றான். இரண்டரை நிமிடம் போய்விட்டது. தொடக்கூடாத ஓர் இடம் மிச்சமிருந்தது. தொட்டேன்.

"உன் பொண்ணு தேன்குழலிய பள்ளிக்கூடத்துல சேத்தது யாருடா? அப்பன்னு கையெழுத்துப் போட நீ இல்ல. அந்த எடத்துல நான்தான்டா போட்டேன்."

அவன் முகம் மாறியது. கத்தவில்லை. மதிலுக்கு ஓரடி முன்னால் வந்தான்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வந்த. முறுக்குப் பொட்டலம் வாங்கிக் குடுத்துட்டு அழுத. அந்த அழுகைய நான் பதினோரு வருஷம் வச்சிருந்தேன்டா. மொத லீவுக்கு வந்தப்ப எம்பொண்ணு என்னப் பாத்து, 'அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க'ன்னா. அப்பக்கூட, ஊர்ல நமக்காக ஒருத்தன் அழுதான்னு நெனச்சித் தேத்திக்கிட்டேன். நீ மனுசனே கெடையாதுடா, பூவராகா."

பச்சை எரிந்தது. நான் அதுவரை பார்த்திராத பச்சை. மூச்சுப்பெட்டி விசிலடித்துக்கொண்டே இருந்தது. 'உங்கள் உறவு நூற்றுக்கு நூறு துல்லியம் அடைந்துள்ளது, வாழ்த்துகள்' என்று இருவர் கையிலும் செய்தி மின்னியது. அவன் அதைப் பார்க்காமல் திரும்பி நடந்தான்.

அதற்குப் பிறகு பத்தாயத்துக்கு எங்களால் தொந்தரவே இல்லை. ஆறு நாற்பதுக்கு வருகிறான், திட்டுகிறான், ஒவ்வொன்றும் இறங்குகிறது. அவன் முட்டி எப்படி இருக்கிறது என்று எந்த வசவிலிருந்தும் எனக்குத் தெரிவதில்லை. நான் முறுக்குப் பையை வீசுகிறேன். அவன் மறுநாள் அதை அவிழ்க்காமலே என் பக்கம் வீசுகிறான். போகும்போது எனக்கு மதிப்பெண், வரும்போது அவனுக்கு. ஒரே பையை நாள்கணக்கில் இப்படி வீசிக்கொண்டிருக்கிறோம். உள்ளே முறுக்கு தூளாகியிருக்கும் என்று நினைத்து வாராவாரம் புதிதாகப் பிழிந்து பன்னிரண்டு வைத்துக் கட்டுகிறேன்.

இதைப் பேனாவால் காகிதத்தில் எழுதுகிறேன். இதை ஸ்கேன் செய்து எங்காவது ஏற்றுபவன் கை விளங்காமல் போகட்டும். இதுவரை சொன்னதில் நான் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். காக்கை விழவில்லை, பறந்துதான் போனது. பால் திரியவில்லை. கடிகாரம் ஏற்கெனவே நின்றிருந்தது. ஆனால் இந்த ஒரு எண்ணிக்கையில் நான் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

நேற்று திரும்பி வந்த பையை அவிழ்த்தேன். பதினொன்றுதான் இருந்தது. நான்கு முறை எண்ணினேன். அணில் எடுத்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நான் கட்டும்போது எப்போதும் வலது பக்கம் சுருக்குப் போடுகிறேன். பை வந்தபோது சுருக்கு இடது பக்கம் இருந்தது.

இன்று காலை ஆறு நாற்பதுக்கு அவனை, என் சொத்தைத் திருடித் தின்கிற நாயே என்று திட்டினேன். அவன் பதிலுக்கு என் பரம்பரையையே இழுத்தான். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது.